காற்றுக்கு ஒரு கணக்கு, கரிக்கு ஒரு கணக்கு: லண்டனில் ஆறு நாட்கள்

முதல் நாள்: ஈஸ்ட் ஹாம்

ஹீத்ரோவில் இறங்கி, எலிசபெத் லைன் ரயிலில் நகரை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து, வைட்சேப்பலில் வண்டி மாறி ஈஸ்ட் ஹாம் வந்து சேர்ந்தபோது மாலை ஐந்து மணி ஆகியிருந்தது. நிலையத்தை விட்டு ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கால் வைத்தால், தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் முருங்கைக்காய் அடுக்கிய காய்கறிக் கடைகளும் நகைக்கடைகளுமாக, பாண்டிபஜாரைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்ததுபோல் இருக்கிறது. இந்த முறை நான் அரண்மனை பார்க்க வரவில்லை என்று அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் துறைமுக லாரிகளின் புகைக்கும் நடுவில் வடசென்னையில் வளர்ந்தவன் என்பதால், ஒரு பெரிய நகரம் தன் காற்றைச் சரிசெய்யப் போட்ட திட்டம் தெருவில் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

திட்டத்தின் முதல் பாடம் அக்கா வீட்டு வாசலிலேயே காத்திருந்தது. போன முறை வந்தபோது அங்கே நின்றிருந்த வெள்ளி நிற டீசல் காரைக் காணவில்லை.

“அதை ஏன் கேக்கறீங்க மாப்பிள்ளை, யூலெஸ் தின்னுட்டது” என்றார் அத்தான்.

யூலெஸ் என்று ஊரார் சுருக்கிச் சொல்வது, மிகக் குறைந்த புகை மட்டுமே அனுமதிக்கப்படும் மண்டலத்தை. 2019 ஏப்ரல் 8ஆம் தேதி லண்டனின் நடுப்பகுதியில் அது தொடங்கியது. குறிப்பிட்ட தரத்துக்குக் கீழான வண்டி மண்டலத்துக்குள் ஓடினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். ஐரோப்பியப் புகை அளவுகோலில் பெட்ரோல் வண்டி யூரோ 4 தரத்தையும் டீசல் வண்டி யூரோ 6 தரத்தையும் எட்டியிருக்க வேண்டும் என்பதால், 2006 வாக்கில் வந்த பெட்ரோல் கார்கூடத் தப்பிவிடும். 2012இல் வாங்கிய டீசல் கார் மாட்டிக்கொள்ளும். அத்தானுடையது 2012 டீசல் கார்.

அவர் அதை வாங்கிய கதைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 2001இலிருந்து பிரிட்டிஷ் அரசு கார்களுக்கான சாலை வரியை, அவை வெளியிடும் கரியமில வாயுவின் அளவை வைத்து நிர்ணயித்தது. ஒரு லிட்டருக்கு அதிக தூரம் ஓடும் டீசல் கார் கிலோமீட்டருக்குக் குறைவான கரியமில வாயுவை வெளியிடுவதால் வரி குறைந்தது. அத்தான் ஆண்டுக்கு வெறும் 20 பவுண்டு கட்டினார். 2000ஆம் ஆண்டில் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்றுதான் டீசல். 2011க்குள் விற்பனையில் பாதி டீசல் ஆகிவிட்டது. புவி வெப்பமாவதைத் தடுக்கும் கணக்கில் இது வெற்றி. மூச்சுக்குள் போகும் காற்றின் கணக்கிலோ அது பெருந்தவறு. டீசல் எஞ்சின் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் நுண்துகள்களையும் கூடுதலாகக் கக்குகிறது. சோதனைக்கூடத்தில் தேறிய கார்கள் சாலையில் பல மடங்கு கக்கின என்பது, 2015இல் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் புகைச் சோதனை மோசடி வெளிவந்த பிறகு உலகத்துக்கே தெரிந்தது.

2021 அக்டோபர் 25ஆம் தேதி மண்டலம், உள் லண்டனைச் சுற்றியோடும் வடக்கு, தெற்கு வட்டச் சாலைகள் வரை விரிந்தபோது ஈஸ்ட் ஹாமும் உள்ளே வந்தது. அத்தானுக்கு அப்போது மண்டலத்துக்கு வெளியே இரவுப்பணி. கட்டணம் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கணக்கிடப்படுகிறது. திங்கள் இரவு பத்து மணிக்குக் கிளம்பிச் செவ்வாய் காலை ஆறு மணிக்குத் திரும்பினால் இரண்டு நாள் கட்டணம். ஐந்து இரவு வேலைக்கு ஆறு நாள் கட்டணம், வாரத்துக்கு 75 பவுண்டு. மூன்று வாரம் கட்டிவிட்டு, காரை லண்டனுக்கு வெளியே யாருக்கோ அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்.

காற்றும் கரியமில வாயுவும் ஒரே புகைக்குழாயிலிருந்து வருகின்றன, ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானே சரியாகும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன். இரண்டும் வேறு வேறு கணக்குகள், சில சமயம் ஒன்றின் வரவு மற்றதன் செலவு என்பது இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே புரிந்துவிட்டது.

இரண்டாம் நாள்: மேரிலபோன் சாலை

மெழுகுச் சிலைகளைக் காணத் தவமிருக்கும் கூட்டம் மேடம் டுஸோ அருங்காட்சியகத்தின் முன்னே வளைந்து நின்றது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட எதிர்ப்பக்க நடைபாதையைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். மேலே சில குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரணப் பெட்டி அறை அங்கே சாலை ஓரத்தை ஒட்டி நிற்கிறது. 1997இலிருந்து ஆறு தட வாகன வரிசையின் மூச்சை மணிக்கு மணி அளந்து எழுதிக்கொண்டிருக்கும் நிலையம் அது. லண்டன் முழுவதும் இத்தகைய நிலையங்களை இணைக்கும் வலையமைப்பு 1993இலேயே தொடங்கப்பட்டது. திட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அளவெடுப்பு வந்துவிட்டது என்பதை நான் இங்கே அடிக்கோடிட விரும்புகிறேன். பின்னால் வந்த மேயர்கள் என்ன சொன்னாலும், அதைச் சரிபார்க்க மக்கள் கையில் எண்கள் இருந்தன.

நைட்ரஜன் டை ஆக்சைடுக்கான சட்ட வரம்பு, ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். 2010களின் நடுப்பகுதியில் இந்தப் பெட்டி அதன் இரு மடங்கைப் பதிவு செய்தது. இன்னொரு விதியும் உண்டு: ஒரு மணி நேரச் சராசரி 200 மைக்ரோகிராமை ஆண்டில் 18 முறைக்கு மேல் தாண்டக் கூடாது. தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் சாலை 2017ஆம் ஆண்டுக்கான அந்த ஒதுக்கீட்டை ஜனவரி பிறந்து ஐந்தே நாளில் தீர்த்துவிட்டது.

அளவிடும் வழக்கம் இந்த ஊருக்கு எங்கிருந்து வந்தது என்றால், 1952 டிசம்பருக்குத்தான் போக வேண்டும். 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை தொடங்கி ஐந்து நாள், காற்றே அசையாமல் குளிர் அமுக்கிப் பிடிக்க, வீட்டு அடுப்புகளும் மின் நிலையங்களும் கக்கிய நிலக்கரிப் புகை மஞ்சள் கம்பளிபோல் ஊர்மேல் படிந்தது. நடத்துநர்கள் கையில் பந்தத்துடன் பேருந்துக்கு முன்னால் நடந்தார்கள். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் மேடை தெரியாமல் இசை நாடகம் பாதியில் நின்றது. கண்காட்சிக்கு வந்த மாடுகள் மூச்சுத் திணறிச் செத்தன. மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தது மட்டும் உடனே யாருக்கும் தெரியவில்லை. பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான் வழக்கத்தைவிட 4,000 பேர் அதிகம் என்று தெரிந்தது. பிற்கால ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோகின்றன. அரசு முதலில் இன்ஃபுளூயன்சா காய்ச்சலின் மேல் பழி போட்டது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. தூய காற்றுச் சட்டம் 1956இல் வந்தது.

அந்தப் புகை கண்ணுக்குத் தெரிந்தது, நாக்கில் கசந்தது. இன்று பெட்டியருகே நான் அரை மணி நேரம் நின்றபோது வானம் நீலமாகத்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக மக்களிடம் காசு கேட்பது எவ்வளவு கடினமான அரசியல் என்று யோசித்தபடியே ரயில் ஏறினேன்.

மூன்றாம் நாள்: கேட்ஃபோர்ட், தெற்கு வட்டச் சாலை

லண்டன் பிரிட்ஜிலிருந்து ரயிலில் கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது கேட்ஃபோர்ட். வட்டச் சாலை என்ற பெயரைக் கேட்டுச் சென்னைப் புறவழிச்சாலையை மனத்தில் கொண்டு வந்த நான் ஏமாந்தேன். இது பழைய தெருக்களை ஊசிநூலால் கோத்துப் பெயர் வைத்த சாலை. ஒரு திருப்பத்தில் கடைத்தெரு, அடுத்த திருப்பத்தில் வரிசை வீடுகள், எல்லா இடத்திலும் லாரிகள்.

எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி இந்தச் சாலையிலிருந்து ஏறக்குறைய 25 மீட்டர் தொலைவில் இருந்த வீட்டில் வளர்ந்தாள். மூன்று ஆண்டுகளில் முப்பது முறைக்கு அருகில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, 2013 பிப்ரவரியில், ஒன்பது வயதில் இறந்தாள். முதல் விசாரணை அது ஆஸ்துமா என்று முடித்துக்கொண்டது. தாய் ரோசமண்ட் விடவில்லை. சவுத்தாம்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட், அவள் நோய் முற்றிய நாட்களையும் அருகிலிருந்த அளவு நிலையங்களின் பதிவுகளையும் ஒப்பிட்டு எழுதிய அறிக்கையின் பலத்தில் உயர் நீதிமன்றம் பழைய முடிவை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 16ஆம் தேதி, மரண விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ, காற்று மாசும் அவள் மரணத்துக்குக் காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் ஒருவரின் மரணக் காரணமாகக் காற்று மாசு எழுதப்பட்டது அதுவே முதல் முறை. நேற்று பார்த்த பெட்டியின் தங்கைகள் இந்தப் பகுதியில் இல்லாதிருந்தால் அந்தத் தீர்ப்பும் இருந்திருக்காது.

இதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. 2021இல் மண்டலத்தை விரித்தபோது எல்லை ‘தெற்கு வட்டச் சாலை வரை’ என்று வகுத்தார்கள். சாலையே அதில் சேராது. எந்தச் சாலையின் புகை அந்தக் குழந்தையின் நுரையீரலை அடைத்ததோ, அந்தச் சாலையில் பழைய டீசல் கார்களும் வேன்களும் மண்டலக் கட்டணம் கட்டாமல் ஓடலாம் என்றிருந்தது. எல்லை என்று ஒன்றைப் போட்டால் அது எங்காவது விழத்தானே வேண்டும் என்று நிர்வாகத்தின் பக்கம் நின்றும் யோசித்துப் பார்த்தேன். ஆனாலும் இது பொருந்தவில்லை. 2023 ஆகஸ்ட் 29ஆம் தேதி மண்டலம் லண்டன் முழுமைக்கும் விரிந்தபோதுதான் இந்தச் சாலை உள்ளே வந்தது.

அந்த விரிவாக்கம் சுமுகமாக நடக்கவில்லை. ரயில் அடர்த்தியாக ஓடும் உள் லண்டன் வேறு. கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத புற லண்டன் வேறு. 2023 ஜூலையில் அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 495 வாக்கு வித்தியாசத்தில் வென்றதற்கு யூலெஸ் எதிர்ப்பே காரணம் என்று பேசப்பட்டது. இங்கே சுங்கச்சாவடி கிடையாது, தடுப்புக் கட்டையும் கிடையாது. கம்பத்தில் இருக்கும் கேமரா எண் பலகையைப் படித்துக்கொள்கிறது. கோபமடைந்தவர்கள் இரவில் வந்து அந்தக் கேமராக்களின் கம்பிகளை அறுத்தார்கள். மேயர் சாதிக் கான் பின்வாங்கவில்லை. பழைய காரைக் கைவிடுவோருக்கு 2,000 பவுண்டு உதவித்தொகையை லண்டன்வாசிகள் அனைவருக்கும் திறந்துவிட்டார். 2021இல் விற்றுத் தொலைத்த அத்தானுக்கு இது கிடைக்கவில்லை. அவர் அதைச் சொல்லும்போது முகம் மாறுவதை நான் கவனிக்காததுபோல் இருந்துகொண்டேன்.

விளைவு என்ன என்று கேட்பீர்கள். மண்டலமே இல்லாதிருந்தால் சாலையோரத்தில் இருந்திருக்கக்கூடிய நைட்ரஜன் டை ஆக்சைடு அளவைவிட இப்போது 27 விழுக்காடு குறைவு என்று மேயர் அலுவலகத்தின் 2025 மார்ச் அறிக்கை கணக்கிடுகிறது. 2024ஆம் ஆண்டில் லண்டன் முதன்முறையாக அந்த 40 மைக்ரோகிராம் வரம்புக்குள் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 10 மைக்ரோகிராம் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால்தான் இந்த வெற்றி எவ்வளவு உயரம் என்று தெரியும்.

நாற்பது வயதைக் கடந்த வாகனங்களுக்குப் பழம்பொருள் என்ற தகுதியில் கட்டண விலக்கு உண்டு என்பது ஒரு வேடிக்கை. அத்தான் 2012 காருக்குப் பதில் அம்பாசிடர் வைத்திருந்தால் ஒரு பைசா கட்டியிருக்க வேண்டாம்.

நான்காம் நாள்: மழை

நாள் முழுக்க மழை. வெளியே போகவில்லை. அக்கா சுட்ட வடையோடு உட்கார்ந்து, நகரின் பருவநிலைத் திட்டத்தைப் படித்தேன். 2030க்குள் நிகரக் கரியமில வெளியீட்டைச் சுழியமாக்குவது லண்டனின் இலக்கு. அதற்கு வாகனப் போக்குவரத்து 27 விழுக்காடு குறைய வேண்டும், வெளியிலுள்ள வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் வெப்ப பம்புகள் 22 லட்சம் இயங்க வேண்டும், இருபது லட்சம் வீடுகளுக்குக் குளிர்காப்பு செய்ய வேண்டும் என்று 2022இல் நகரமே வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இந்தத் தெருவில் ஒரே ஒரு வெப்ப பம்புகூட என் கண்ணில் படவில்லை. காற்றுத் திட்டம் கட்டணம் என்ற ஒரே நெம்புகோலால் நகர்ந்தது. பருவநிலைத் திட்டமோ ஒவ்வொரு வீட்டின் சுவரையும் அடுப்படியையும் தொட வேண்டியிருக்கிறது.

மாலையில் மழை விட்டதும் எங்கிருந்தோ விறகுப் புகை வந்தது. நம் ஊர்க் கார்த்திகை மாதத்தை நினைவூட்டும் மணம். விறகு திரும்ப வளரும் என்பதால் கரிக் கணக்கில் அதற்குப் பெரிய குற்றமில்லை என்பார்கள். ஆனால் நுண்துகள் கணக்கில் வசதியானவர்களின் வரவேற்பறை விறகடுப்பு, நகரின் முக்கியமான குற்றவாளிகளில் ஒன்று. டீசல் கதையின் இன்னொரு பதிப்பு.

ஐந்தாம் நாள்: பன்ஹில்

மூர்கேட்டில் மாறி நார்தர்ன் லைனில் ஓல்ட் ஸ்ட்ரீட் இறங்கினேன். சுரங்க ரயிலில் அக்டோபரிலும் வியர்க்கிறது. நூறு ஆண்டுகளாக ரயில்களின் பிரேக்கும் மோட்டாரும் மனித உடல்களும் விட்ட வெப்பத்தைச் சுற்றியுள்ள களிமண் குடித்துக் குடித்து, இனிக் குடிக்க முடியாமல் சூடேறி நிற்கிறது. தொடக்க காலத்தில் இதே சுரங்க ரயிலைக் கோடையில் குளிர்ச்சியான இடம் என்று விளம்பரம் செய்தார்களாம்.

அந்த வெப்பத்தைத்தான் இஸ்லிங்டன் நிர்வாகம் பிடித்துப் பயன்படுத்துகிறது. ஓல்ட் ஸ்ட்ரீட்டுக்கும் ஏஞ்சலுக்கும் இடையே 1922இல் மூடப்பட்ட சிட்டி ரோடு நிலையத்தின் காற்றுக் குழியின் மேல், 2020இல் பன்ஹில் என்ற வெப்ப மையத்தைக் கட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தாமிர நிறத் தகடு போர்த்திய சிறிய கட்டடம். உள்ளே போக அனுமதி இல்லாததால் நடைபாதையில் நின்றே பார்த்தேன். இரண்டு மீட்டர் அகல விசிறி சுரங்கத்தின் வெதுவெதுப்பான காற்றை இழுக்கிறது. வெப்ப பம்பு அந்த வெப்பத்தைத் திரட்டி உயர்த்தித் தண்ணீரில் ஏற்றுகிறது. அந்தத் தண்ணீர் குழாய்களில் ஓடி, முந்தைய கட்டத்தோடு சேர்த்து 1,350 வீடுகளுக்கும் ஒரு பள்ளிக்கும் இரண்டு விளையாட்டு மையங்களுக்கும் சூடு தருகிறது. கோடையில் விசிறியைத் திருப்பிச் சுழற்றிச் சுரங்கத்துக்குக் குளிர்ந்த காற்றை அனுப்பலாம்.

இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் மிகவும் பிடித்தது இதுதான். இங்கே எரிவாயு எரிவது குறைகிறது; எனவே கரியமில வாயுவும் குறைகிறது, கொதிகலன் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது. இரண்டு கணக்கும் ஒரே பக்கத்தில் வரவு வைக்கப்படும் இடம். 2022 ஜூலை 19ஆம் தேதி ஹீத்ரோவில் 40.2 டிகிரி பதிவாகி, கிழக்கு ஓரத்து வென்னிங்டன் கிராமத்தில் புல் தீ வீடுகளை எரித்த பிறகு, குளிர் நாட்டுக்காரர்களுக்கும் சுரங்கத்தைக் குளிர்விக்கும் விசிறியின் அருமை புரிந்திருக்கும்.

ஆறாம் நாள்: ராயல் டாக்ஸ்

மாநகர மன்றம் 2022இல் தேம்ஸ் கரையின் டவர் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஈஸ்ட் ஹாம் அடங்கிய எங்கள் நியூஹாம் பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ராயல் விக்டோரியா துறையின் ஓரத்தில் படிகக்கல்போல் நிற்கும் கண்ணாடிக் கட்டடம் அது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், 2025 ஏப்ரல் 7ஆம் தேதி திறக்கப்பட்ட சில்வர்டவுன் சுரங்கச் சாலையின் வாய். தூய காற்றைத் திட்டமிடும் அலுவலகமும் புதிதாகத் தோண்டிய கார்ச் சுரங்கமும் கூப்பிடு தூரத்தில்.

போக்குவரத்தைக் குறைப்போம் என்று சொன்ன நகரம் ஆற்றுக்கடியில் புதுச் சாலை போடலாமா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். 1897இலிருந்து இலவசமாக இருந்த பக்கத்து பிளாக்வால் சுரங்கத்துக்கும் சேர்த்துக் கட்டணம் போட்டிருக்கிறோம், எனவே வண்டிகள் பெருகாது, நெரிசலில் நின்று புகைவதும் குறையும் என்பது நகரின் பதில். நெரிசல் நேரத்தில் காருக்கு 4 பவுண்டு. எனக்கு இந்தப் பதில் பாதிதான் ஒப்புகிறது. கட்டணத்தை நாளை இன்னொரு மேயர் குறைத்துவிடலாம், சுரங்கத்தை யாரும் மூடப்போவதில்லை. ஆனாலும் நான் 129ஆம் எண் மின்சாரப் பேருந்தில் ஏறி அதன் வழியே போனேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் ஆண்டு இந்தப் பேருந்தில் ஆற்றைக் கடக்கும் பயணம் இலவசம் என்று அறிவித்திருந்தார்கள், சைக்கிள்காரர்களைச் சைக்கிளோடு ஏற்றி அக்கரை சேர்க்கத் தனிப் பேருந்தும் உண்டு. லண்டன் சாலைகளில் இப்போது 2,000க்கும் மேற்பட்ட புகையில்லாப் பேருந்துகள் ஓடுகின்றன. நிறுத்தத்தில் நிற்கும்போது எஞ்சின் உறுமல் இல்லாமல், வயதான பாட்டி ஒருவர் தொலைபேசியில் வங்காளத்தில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

இரவு வீட்டில் அடுப்படிக் கொதிகலன் முக்கி முனகி ஓய்ந்தது. பதினான்கு வருடப் பழசு. வெப்ப பம்புக்கு மாறினால் அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறதே, நீங்களே ஒன்று வைத்துவிடலாமே என்று நேற்றுப் பார்த்த மையத்தின் உற்சாகத்தில் அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் கொதிகலனின் பக்கக் கதவைத் திறந்து ஏதோ ஒரு திருகைத் திருப்பிக்கொண்டே பதில் சொன்னார்.

“டீசல் வாங்குனா நாட்டுக்கு நல்லதுன்னு அவங்கதான் மாப்பிள்ளை சொன்னாங்க. வரியையும் குறைச்சாங்க. ஒன்பது வருஷம் கழிச்சு நீ பண்ணது தப்புன்னு என்கிட்டயே காசு வாங்குனாங்க. இந்தப் பம்பு நல்லதாவே இருக்கட்டும். நாலு வீட்ல வைக்கட்டும், பாக்கலாம்.”

“தோட்டத்துல எங்கே வைக்கிறது? அங்கே என் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கு” என்றாள் அக்கா.

கொதிகலன் மறுபடி பிடித்துக்கொண்டது. காலையில் ஆறரை மணிக்கு ரயில்.